மூன்று நட்டுகள்

உரும்பிராயில் நான் வேலை செய்த பட்டறையில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளைத்தான் திருத்துவோம். ஒருமுறை, வேகமாகச் சுழலும் கட்டரால் இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெசின் ஒன்று வந்தது. கூடவே கட்டரைக் கவ்விப் பிடிக்கும் கொலட்டும் அதை இறுக்க மூன்று நட்டுகளும் வந்தன. எதைப் போடுவது?

பம்பில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் பக்கிங்கை உள்ளே வைத்து மேலே நட்டை இறுக்கிப் பழகிய கை. கொலட்டையும் அப்படியே முதலில் மெசினுக்குள் வைத்து, அதன்மேல் நட்டுகளை மாறிமாறிப் பூட்டினேன். மூன்றிலும் கட்டர் ஆடியது. மூன்றாம் நாள் எரிச்சலில் கொலட்டை நட்டுக்குள்ளேயே அமுக்கினேன். டிக்கென்று மாட்டிக்கொண்டது, இழுத்தும் வரவில்லை.

“அண்ணை, உடைச்சுப்போட்டன் போல,” என்றேன் முதலாளியிடம்.

“பரவாயில்லை, உப்பிடியே பூட்டும்.”

கட்டர் ஆடாமல் சுழன்றது. ஏனென்று இருவருக்கும் விளங்கவில்லை. பிறகு கொலட்டை ஒரு பக்கம் சரித்துக் கழற்றி, மற்ற இரண்டு நட்டிலும் அப்படியே முதலில் மாட்டிப் பார்த்தேன்; அவற்றிலும் கட்டர் ஆடவில்லை. மூன்றுமே நல்ல நட்டுகள். மூன்று நாளாய் அவற்றைத்தான் திட்டித் தீர்த்திருந்தேன்.