முடிவாகாத பெட்டி

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கை தட்டியதுதான். கேமரா முன் அவர் ஒருமுறை தட்டினார். மகள் அதை இரண்டு விதமான கோப்புகளாக ஆக்கி, காட்சியும் சத்தமும் பிசகாமல் சேர்கின்றனவா என்று ஓட்டிப் பார்த்தாள். இரண்டிலும் சேர்ந்தன.

"அப்போ முடிவு பண்ணுங்கப்பா. எம்பி4-ஆ, எம்கேவியா?"

"அவசரப்படாத. கமிட்டி என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

கமிட்டித் தலைவரே அவர்தான்.

தொலைக்காட்சி நிலையத்தின் பழைய படங்களெல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. படத்தையும் குரலையும் ஒன்றாக அடைக்கும் கோப்பு வகைக்கு அங்கே பெட்டி என்று பெயர். அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். நிலையம் முழுக்க இனி ஒரே பெட்டி, அது எது என்று தீர்மானிப்பதற்காகக் கூடும் குழு, பிஸ்கட்டைத் தவிர எதையும் தீர்த்ததில்லை. இரண்டுமே உலகம் புழங்கும் வகைகள். எதை எடுத்தாலும் குடி முழுகாது. ஆனால் யாராவது ஒரு பக்கம் சாய்ந்தால் இவர் மறுபக்கம் சாய்வார். அவர்கள் இவர் வழிக்கு வந்தால் இவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

வீட்டு அலமாரியில் ஒரு வீடியோ கேசட் இருந்தது. கல்யாணமான புதிதில் அம்மாவுக்காக அவர் பாடியது. நாடா நைந்துவிட்டது. இன்னும் ஒருமுறை ஓடினாலே பெரிய விஷயம். அந்த ஓட்டத்திலேயே கணினியில் ஏற்றிவிட வேண்டும்.

"அந்தப் பாட்ட எப்பங்க போட்டுக் காட்டுவீங்க?" என்று அம்மா கேட்பாள்.

"எந்தப் பெட்டின்னு முடிவாகட்டும்மா. தப்பான பெட்டியில போட்டுட்டா?"

"நீங்க முடிவு பண்றதுக்குள்ள எனக்குக் காது போயிரும்."

மகள் குறுக்கிட்டாள். "எதுல போட்டாலும் அப்புறம் பெட்டிய மட்டும் மாத்திக்கலாம்ப்பா. உள்ள ஒரு கீறல் விழாது. ஊருக்கெல்லாம் நீங்கதான இத சொல்லித் தர்றீங்க?"

"ஊருக்கு அது சரி. இது நம்ம வீட்டு நாடா."

ஒரு காலையில், அலுவலகத்துக்குச் சட்டை மாட்டும்போது, அப்பாவுக்கு மாரடைப்பு. கமிட்டித் துணைத்தலைவர் மாலையோடு வந்தார். "சார் இல்லாம கூட்டம் போடறது மரியாத இல்லம்மா. தேதி சொல்லாம ஒத்தி வச்சிருக்கோம்." அந்தக் குழு ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அது.

எல்லோரும் போன பிறகு அம்மா கேட்டாள், "அவர் குரல் எதுலயாவது இருக்கா?"

மகள் கணினியைத் துழாவினாள். சோதனைப் பதிவுகள் ஏராளம். எல்லாவற்றிலும் அப்பா வாயை இறுக மூடிக்கொண்டு கை தட்டினார். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரார் குரலையெல்லாம் பத்திரப்படுத்திய மனுஷன்.

இனி அந்தக் கேசட்தான். அதை ஓட்டும் டெக் வீட்டில் இல்லை; ரிப்பேர் கடையில் கொடுத்திருந்தார். மகள் கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"அதுவா? பெல்ட் மாத்தி எப்பவோ ரெடிம்மா. சாருக்கும் சொன்னேன். எந்தப் பெட்டின்னு முடிவானதும் வந்து எடுத்துக்கறேன்னாரு. இன்னும் இங்கதான் கிடக்கு."