ஷெரினுக்கு அன்று காலையிலேயே காய்ச்சல்

செவ்வாய்க்கிழமை மதியம் சாந்தி சிஸ்டர் என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். தொடாமல் வைத்திருந்த இட்லிக்காகத் திட்டவில்லை. திட்டாத சாந்தி சிஸ்டரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மேல்மாடி ஐசியூவில் ஷெரின் போய்விட்டாள் என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

“அவளைப் பத்தி நல்லதா நாலு வரி எழுதிக் குடும்மா” என்று ஷெரினின் அம்மா கேட்டார். ஆன்ட்டி, நாலு வரியில் முடியாது. நல்லதாகவும் வராது.

எனக்கும் அவளுக்கும் பதினாறு வயது, ஒரே ரத்தப் புற்றுநோய், அடுத்தடுத்த கட்டில். மருந்து ஏற ஏற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, அதாவது கவுன்ட், சரியும். ராக்கெட் விடாமலேயே எங்கள் வார்டில் எப்போதும் கவுன்ட் டவுன்தான். அந்த நாட்களில் கிருமி உள்ளே நுழைந்தால் சண்டை போட ஆளிருக்காது. பல நேரம் காய்ச்சல் மட்டும்தான் வந்து கதவைத் தட்டும். உடம்பு சுட்டால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும் என்று டாக்டர் எங்களை மனப்பாடமே செய்ய வைத்திருந்தார்.

நான் அந்தக் காய்ச்சலை வைத்தே விளையாடினேன். ஒருநாள் டீ டம்ளரை அக்குளில் இடுக்கிச் சூடாக்கிவிட்டு, நல்ல பிள்ளையாகத் தெர்மாமீட்டரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

“நூத்தி ஏழா? நீ பொண்ணா, குக்கரா?” என்று சிஸ்டர் அலறினார்.

“இன்னும் ரெண்டு விசில் பாக்கி இருக்கு சிஸ்டர்” என்றாள் பக்கத்துக் கட்டில் ஷெரின். “சிரிக்கிறதுக்குக் கவுன்ட் தேவையில்லடி” என்பது அவள் அடிக்கடி சொல்வது.

கூடுவாஞ்சேரியில் ஷெரின் வீட்டார் கட்டிய புது வீட்டில் குடியேறும் பிரதிஷ்டை ஜெபம் வந்தது. தன் அறைக்கு மாம்பழ மஞ்சளைக் கட்டிலில் படுத்தபடியே தேர்ந்தெடுத்திருந்தாள், அறையைப் பார்த்ததில்லை. காலையில் காய்ச்சல் இல்லையென்றால் மாஸ்க் போட்டுக்கொண்டு போய்விட்டு மாலைக்குள் திரும்பலாம் என்றார் டாக்டர்.

அன்று காலை ஆறு மணிக்கு அவள் கையைத் தொட்டேன்.

“ஏய், சுடுதுடி. சிஸ்டரக் கூப்பிடட்டா?”

“கூப்பிட்டா நேரா ட்ரிப்ஸ்தான். என் ரூமப் பாக்கணும்டி. உன் டீ டெக்னிக்க ரிவர்ஸ்ல போடு.”

“லூசு, மாட்டிக்குவோம்.”

“சாயங்காலம் வந்து நானே சொல்லிடறேன். ப்ராமிஸ்.”

ஃப்ரிட்ஜிலிருந்து சில்லென்ற தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து கொடுத்தேன். அக்குளில் இடுக்கிக்கொண்டு பல்லைக் கடித்தாள். “தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. சமத்து” என்று சிஸ்டர் சார்ட்டில் எழுதினார். நான் போர்வைக்குள் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

மாலையில் நடுங்கிக்கொண்டே அப்பாவின் தோளில் திரும்பி வந்தாள். ரத்தத்தில் கிருமி என்றார்கள். நான்காவது நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

புது வீட்டில் ஷெரினின் டேவிட் மாமாவின் குழந்தை மூக்கு ஒழுக அவள் மடியில் உட்கார்ந்ததால்தான் எல்லாம் என்று சொல்லி, தாம்பரம் கல்லறைத் தோட்டத்தில் மாமாவை நீங்கள் ஒரு பிடி மண் போடக்கூட விடவில்லை என்று கேள்விப்பட்டேன். அங்கிள், ஆன்ட்டி, குழந்தை அவளைத் தொடுவதற்கு முன்பே, காலை ஆறு மணிக்கே அவளுக்குக் காய்ச்சல். மறைத்தது அவள். மறைக்க வழி காட்டி, பாட்டில் கொடுத்தது நான். மாமாவைக் கூப்பிட்டுப் பேசுங்கள். யாரோடாவது பேசாமல் இருக்க வேண்டுமென்றால் என்னோடு பேசாமல் இருங்கள்.

டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். “காலையிலயே மருந்து போட்டிருந்தா பிழைச்சிருப்பாளா?” என்று கேட்டேன். “சொல்ல முடியாதும்மா” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

‘ஆண்டவர் தமக்குப் பிடித்த பூவைப் பறித்துக்கொண்டார்’ என்று கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கிழித்துவிடுங்கள். பாவம், ஆண்டவரும் மாமாவைப் போலத்தான். பாட்டில் கொடுத்தது அவரில்லை.

ஷெரினுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது பிரதிஷ்டை அன்று மதியம் புது வீட்டிலிருந்து அவள் அனுப்பிய ஒரு படம். மஞ்சள் சுவரில் சாய்ந்து நிற்கிறாள். கீழே, “ஏசியே இல்ல, ஆனா செம குளிருடி.” பதிலுக்கு நான் அனுப்பியிருப்பது மூன்று சிரிக்கும் பொம்மைகள். அழித்துவிடு என்கிறாள் என் அம்மா. அழிக்க மாட்டேன்.