ஊஞ்சலுக்குக் கால் நடும் நேரம்

மெல்பேர்னில் பிள்ளைகள் விளையாடும் மரவீட்டுக்குத் தபால் பெட்டி வைக்கிறார்கள். கடையில் முதன்முதலாக அதைப் பார்த்தபோது, வேறு யாருடைய தபால் பெட்டியையோ தவறுதலாக அங்கே மாட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, ஏறுவதற்குச் சின்ன ஏணி, மேலே கூரை போட்ட பரண், பரணுக்குக் கீழே விளையாட்டுக் கடை, கடைக்கு முன்னால் சிவப்பு நிறத்தில் தபால் பெட்டி. நான் பிறந்து வளர்ந்த கண்டி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பன்னிரண்டு குடும்பங்கள் வரிசையாக இருந்தோம். ஒரு தபால் பெட்டிகூட இருந்ததில்லை. கடிதங்கள் தோட்டத்து ஒபிசுக்கு வரும், அந்தப் பக்கம் போய் வருகிறவர்கள் யாராவது கொண்டுவந்து தருவார்கள். இங்கே மூன்று வயதுப் பிள்ளைக்குத் தனி விலாசம். இதற்கு யார் கடிதம் போடுவார்கள் என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டதும், "பிள்ளைகளே போட்டுக்கொள்வார்கள்" என்று மரியாதையாகப் பதில் சொன்னார்.

கடை கடையாக ஏறி இறங்க வைத்தது என் கணவர் சிவா. எங்களுக்கு மதுரா, கவின் என்று இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு மூன்று. இந்த நாட்டுக்கு வந்து பல வருடம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டுப் போன வருடம்தான் பின்பக்கத்தில் புல்வெளியோடு ஒரு வீடு வாங்கினோம். சிவா கண்டி டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் வளர்ந்தவர். கால் வைக்க மண் என்ற ஒன்றை அவர் பள்ளிக்கூட மைதானத்தில்தான் பார்த்திருக்கிறார். அதனால் அந்தப் புல்வெளியை வாரம் தவறாமல் வெட்டி, நடுவில் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் அங்கே மரத்தில் ஊஞ்சல் செட் ஒன்று போட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது.

மரம் என்றால் எந்த மரம் என்பதிலேயே இரண்டு சனிக்கிழமை போனது. மருந்தேற்றிய பைன் மரம் கறையான் தொடாது, ஆனால் அந்தப் பச்சை நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. சீடர் மரம் வாசமாக இருந்தது, சிராய் குறைவு. சறுக்குக்குத் தகரம் வேண்டாம், கோடையில் பிள்ளைகளின் தொடை வெந்துபோகும் என்று எல்லாக் கடையிலும் சொன்னார்கள். கவின் வயதுக்கு நாலு பக்கமும் அடைத்த, கால் மட்டும் வெளியே வரும் இருக்கை வேண்டும். போல்ட் முனைகளை மூடியிருக்க வேண்டும். விழுந்தால் அடிபடாமல் இருக்கக் கீழே மரப்பட்டைத் தூள் கொட்ட வேண்டும். இதெல்லாவற்றையும் நான் சரி என்று கேட்டுக்கொண்டேன். எனக்கு இருந்தது ஒரேயொரு கேள்வி. "கால்களை மண்ணில் புதைக்காமல் சும்மா வைக்கிற மாதிரி ஒன்று இருக்கிறதா?"

கடைக்காரர் வாடகை வீடா என்றார். சொந்த வீடு என்றேன். வேறு இடம் போகப் போகிறீர்களா என்றார். இப்போதைக்கு இல்லை என்றேன். அப்படியானால் ஏன் என்பதுபோல் அவர் சிவாவைப் பார்த்தார். சிவா கூரையைப் பார்த்தார். இங்கே அடிக்கிற காற்றுக்குக் கொங்கிரீட் போட்டுக் காலை இறுக்காவிட்டால் பிள்ளைகள் ஆடும்போது செட்டோடு சேர்ந்து சாய்வார்கள் என்று கடைக்காரர் சொன்னார். இறுக்கிவிட்டால் பத்து வருடத்துக்கு உத்தரவாதம் என்றும் சொன்னார். அவர் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.

ஹந்தானையில் என் அப்பா ஒருமுறை எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால் ஊஞ்சல் போட ஆசைப்பட்டார். தோட்டத்தில் ஒரு ஆணி அடிப்பதானாலும் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். அப்பா கணக்கப்பிள்ளையிடம் கேட்டார். கணக்கப்பிள்ளை தோட்டத்துக் கண்டக்டரிடம் கேட்டார். கண்டக்டர் தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டார். மேலே போன கேள்வி கீழே வர ஒரு மழைக்காலம் எடுத்தது. ஊஞ்சல் போடலாம், ஆனால் மண்ணில் குழி தோண்டக் கூடாது, குழி தோண்டினால் அது கட்டடம் என்று பதில் வந்தது. அப்பாவும் குழி தோண்டாமல் சவுக்குக் கம்புகளை இரண்டு பக்கமும் கத்தரி மாதிரிக் கட்டி ஒரு ஊஞ்சல் செய்தார். ஒருவர் ஆட வேண்டுமென்றால் நாலு பேர் கால்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் முறை வைத்துப் பிடித்தோம். ஆடியதைவிடப் பிடித்த நேரம்தான் அதிகம். ஆனாலும் அது எங்களுக்கு ஊஞ்சல்தான், யாரும் குறை சொல்லவில்லை. அப்படி வளர்ந்த எனக்கு, என் பெயரில் இருக்கிற நிலமானாலும், யாரையும் கேட்காமல் குழி தோண்டுவது என்றால் கை வரவில்லை.

ஆகவே நான் கேட்கப் புறப்பட்டேன். பக்கத்து வீட்டில் க்ளென் என்ற வயதானவர் தனியாக இருக்கிறார். வேலிக்கு மேலால் வணக்கம் சொல்வதோடு எங்கள் பழக்கம் நின்றிருந்தது. ஒரு தட்டு நிறைய வடை சுட்டு எடுத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றேன். நாங்கள் எங்கள் பின்வளவில் ஊஞ்சல் செட் போடலாமா என்று கேட்டேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேலி பற்றி ஏதும் பிரச்சினையா என்றார். இல்லை, உங்களிடம் கேட்கத்தான் வந்தேன் என்றேன். சிறிது யோசித்துவிட்டு முதுகு வலி இருப்பதால் பாரம் தூக்க முடியாது, ஆனால் குழி தோண்டும் கருவி ஒன்று தன்னிடம் இருக்கிறது, வந்து தோண்டித் தருகிறேன் என்றார். நான் அனுமதி கேட்டேன், அவர் உதவி கேட்டதாக எடுத்துக்கொண்டார். வடையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். பிறகு நகரசபைக்குப் போன் செய்தேன். அங்கிருந்த பெண் உயரத்தைக் கேட்டுவிட்டு, இதற்கு அனுமதி தேவையில்லை என்றாள். அப்படியானால் யாரிடம் கேட்பது என்றேன். யாரிடமும் கேட்க வேண்டாம் என்றாள். அதை எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். அவள் உயரத்தை இன்னொரு முறை கேட்டாள்.

இதையெல்லாம் சிவாவிடம் சொன்னபோது அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "ஊரெல்லாம் கேட்டு முடிச்சிட்ட. ஒங்கம்மாகிட்ட கேட்டியா?" என்றார்.

அதுதான் விஷயம். அம்மா இன்னும் ஹந்தானையில் அதே காம்பராவில் இருக்கிறார். அப்பா போய்ச் சேர்ந்து பல காலமாகிறது. கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற பிறகும் வேறு எங்கும் போக மாட்டேன் என்கிறார். கம்பளையில் இருக்கும் என் தம்பி கூப்பிட்டும் போகவில்லை. காரணம் நாங்கள். நான் விமானம் ஏறும்போது மூன்று வருடத்தில் வந்துவிடுவோம் என்று சொல்லித்தான் ஏறினேன். அப்போது அதை உண்மையாகத்தான் சொன்னேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் அம்மா "எப்ப வர்றீங்க?" என்று கேட்பார். "புள்ளைங்க கொஞ்சம் வளரட்டும்மா" என்று நான் சொல்வேன். அவரும் தலையாட்டிவிட்டு, எங்களுக்காகக் கட்டி வைத்திருக்கும் புதுப் பாய்களில் பூச்சி அரிக்கிறதா என்று பார்த்ததாகச் சொல்வார். வீடு வாங்கியதைக்கூட வாடகையைவிட இது லாபம் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். வீடு என்றால் விற்றுவிடலாம். பத்து வருட உத்தரவாதத்தோடு கொங்கிரீட்டில் நிற்கும் ஊஞ்சலுக்கு என்ன விளக்கம் சொல்வது? போன் கமெராவில் எந்தப் பக்கம் திருப்பினாலும் அது தெரியும். அம்மாவின் மனசு உடைந்துவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. சாய்ந்து விழாத ஊஞ்சல் ஒன்றைப் பிள்ளைகளுக்குப் போட வேண்டும், அதை அம்மா பார்க்கவும் கூடாது. இரண்டும் நடக்கிற காரியமா?

கடைசியில் சீடர் மரத்தில் ஒன்றை எடுத்தோம். தபால் பெட்டியோடுதான் வந்தது, கழற்றினால் பலகையில் ஓட்டை தெரியும் என்றார்கள். பெட்டி பெட்டியாக வந்த சாமான்களைக் கராஜில் அடுக்கி, அந்த ஞாயிறு அம்மாவிடம் பேசும்போது போனைச் சுவர்ப் பக்கமாகவே பிடித்துக்கொண்டிருந்தேன். மதுரா ஓடிவந்து போனைப் பறித்தாள். "அம்மாயி! எங்களுக்கு ஊஞ்சல் வருது! கொங்கிரீட் போட்டு! நான் பெரிய பிள்ளையாகிற வரைக்கும் அசையாதாம்!" என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

போன் என் கைக்கு வந்தபோது அம்மா திரையில் இல்லை. கூரைத் தகரம்தான் தெரிந்தது. ஏதோ தேடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் கலண்டர் இருந்தது.

"எப்ப கால் நடப் போறீங்க?" என்றார்.

"வர்ற சனிக்கெழமம்மா. சும்மா ஊஞ்சல்தானே..."

"கால் நடுறதுன்னா கால் நடுறதுதான். ஊஞ்சலுக்குன்னா ஒன்னு, வூட்டுக்குன்னா ஒன்னா? நேரம் பாக்காம மண்ணத் தோண்டக் கூடாது." கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். "சனிக்கெழம பின்னேரம் அஞ்சு மணிக்கு நல்ல நேரம் இருக்கு."

நான் கணக்குப் போட்டேன். ஹந்தானையில் பின்னேரம் ஐந்து மணி என்றால் இங்கே பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். பரவாயில்லை, லைட் போட்டுக்கொண்டு தோண்டலாம் என்றேன். பக்கத்தில் இருந்த சிவா, "இருட்டில டோர்ச் அடிச்சிக்கிட்டு குழி தோண்டினா க்ளென் பொலிசுக்குத்தான் போன் பண்ணுவாரு" என்றார். நான் அவரை முறைத்தேன். அம்மாவுக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. எங்கே இருந்தாலும் எங்களுக்குக் கண்டி நேரம்தான் நேரம் என்று அவருக்குக் காட்ட நினைத்தேன்.

"எதுக்கு இருட்டுல?" என்றார் அம்மா.

"இங்க ஒங்க அஞ்சு மணி அப்பத்தானேம்மா வருது."

அம்மா கலண்டரை மடியில் வைத்தார். கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"செல்வி, எங்க நேரத்துக்கு எதுக்கு நடுறீங்க?" என்றார். "கால் எந்த மண்ணுல நிக்கப் போகுதோ அந்த மண்ணு நேரத்துக்குத்தான் நடணும். அங்க அஞ்சு மணி ஆகுறப்ப நடுங்க. புள்ளைங்க அங்கதானே வெளயாடப் போகுது." பிறகு குரலை மாற்றாமலே, "ஆழமா தோண்டுங்க. அரகொறயா நட்டுட்டு அப்புறம் பிடுங்கிக்கிட்டு வரலாம்னு பாக்காதீங்க" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கு வந்ததா என்று தெரியவில்லை. இந்த மாதம் மழை எப்படி என்று தானே பேச்சை மாற்றினார். அந்த ஞாயிறு எப்ப வர்றீங்க என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு வந்த எந்த ஞாயிறும் கேட்கவில்லை. அவர் கேட்கும்போது எரிச்சல்பட்டிருக்கிறேன். கேட்காமல் விட்டதும் போனை வைத்த பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முன்பே க்ளென் தன் கருவியோடு வந்துவிட்டார். ஹந்தானையில் அப்போது மதியம் ஆகவில்லை. அம்மா குளித்து நல்ல சேலை கட்டிக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நாங்கள் செருப்பைக் கழற்றியதைக் கண்டு க்ளெனும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றார். சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, க்ளென் தோண்டி முடித்ததும் ஒவ்வொரு குழியிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்து நவதானியம் போட்டோம். தானியம் முளைக்குமா என்று க்ளென் கேட்டார். மேலே கொங்கிரீட் போடப் போகிறோம், முளைக்காது என்றார் சிவா. அப்படியானால் ஏன் என்று க்ளென் கேட்கவில்லை, தேங்காய்த் துண்டொன்றை வாங்கி மென்றுகொண்டிருந்தார். "குழியக் காட்டு" என்றார் அம்மா. போனைக் குழிக்குள் இறக்கிக் காட்டினேன். "நல்ல மண்ணு. நடுங்க" என்றார்.

கொங்கிரீட் காய அடுத்த வாரம் வரை பிள்ளைகளைக் கட்டிப் போடாத குறையாகத் தடுத்து வைத்திருந்தோம். பிறகு ஊஞ்சலை மாட்டினோம். ஊஞ்சலுக்கு எதிரே ஒரு கதிரை போட்டு, அதில் போனைச் சாய்த்து வைத்து, கவினை இருக்கையில் உட்கார வைத்துப் பின்னால் நின்று தள்ளினேன். சட்டம் கொஞ்சமும் அசையவில்லை. கவின் போனை நோக்கிப் பாய்ந்து போனான், கிட்டப் போய் "அம்மாயி" என்று கத்திவிட்டுப் பின்வாங்கினான், மறுபடியும் போனான். அவன் முகம் பெரிதாகி வரும் ஒவ்வொரு தடவையும் அம்மா பதறிப்போய், பிடிப்பதற்கு இரண்டு கைகளையும் நீட்டினார். எனக்குப் பின்னால் வேலிக்கு அப்பால் நின்ற க்ளென், திரையில் அம்மா தனக்குத்தான் கையாட்டுகிறார் என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டினார். அம்மா அவரைக் கவனிக்கவில்லை. கவின் பின்னால் என் பக்கம் வந்துவிட்டான், அம்மாவின் கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன.