பொடிப் பாக்கெட்டில் பாவாடை கட்டிய நான்

கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு யாரிடமாவது ‘பாப்பா படம் போட்ட ஏத்தங்காய்ப் பொடி’ என்று கேட்டால் போதும், எங்கள் கடை இருக்கும் சந்துக்கு வழி சொல்லிவிடுவார்கள். நேந்திரங்காயை உலர்த்தித் திரித்து, கைக்குழந்தைகளுக்குப் பாலில் காய்ச்சிக் கொடுக்கிற பொடி. பாக்கெட்டின் முன்பக்கம் ஒரு பெண்குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். பட்டுப்பாவாடை, சடை நிறையப் பூ, கை நிறைய வளையல், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. மூக்கும் முழியுமாக எவ்வளவு அழகு என்று வாங்க வருகிறவர்கள் சொல்வார்கள். அந்தக் குழந்தை நான்தான்.

எங்களுடையது நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இந்த மலையாள ஊரில் கடை போட்ட குடும்பம். ஆண்பிள்ளைக்கு முதல் மொட்டை அடிப்பதற்கு முன்னால், வளர்ந்த முடியை வீணாக்க மனசு வராமல், அதைப் பின்னிப் பூ வைத்து, பாவாடை கட்டி, ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நம் ஆட்கள் பலர் வீட்டில் அப்படி ஒரு படம் பீரோவுக்குள் கிடக்கும். கல்யாணமான புதிதில் மனைவி கண்டெடுத்து ஒரு நாள் விழுந்து விழுந்து சிரிப்பாள், அதோடு தீர்ந்தது. என் அப்பா மட்டும் அதை எடுத்துப் பாக்கெட்டில் அச்சடித்தார். அதுவும் போதாதென்று டிரேட்மார்க்காகப் பதிவும் செய்தார்.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் ‘பாப்பா’ என்றுதான் பெயர். மீசை முளைத்ததும் பிரச்சினை தீரும் என்று நம்பினேன். கொஞ்சம் தாராளமாகவே வளர்த்தும் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த இன்சூரன்ஸ் ஆபீசில் முதல் வாரமே யாரோ என் மேஜைமேல் ஒரு பாக்கெட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த ஆளைக் கண்டுபிடித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அப்பா போன பிறகு கடையை எடுத்து நடத்துவது அக்கா. காய் வாங்குவது, சீவுவது, உலர்த்துவது, திரிப்பது, கடைகளுக்கு அனுப்புவது எல்லாம் அவள் பாடு. டிரேட்மார்க் மட்டும் ஆண்வாரிசு என்று என் பெயருக்கு வந்திருந்தது. அதைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கெடு முடிந்ததே எங்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அபராதத்தோடு கட்டுவதற்கென்று தருகிற ஆறு மாதமும் முடியப் போகிற நேரத்தில்தான் அக்கா என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

“நாளைக்கு வஞ்சியூர்ல வக்கீலம்மாவைப் பாக்கப் போணும். நீ வந்து காகிதத்துல ஒப்புப் போடணும்.”

“விட்டுரு, அக்கா. அந்தப் பாப்பா படம் தானா சாகட்டும்.”

“எது சாகணும்? என் கடையா?”

பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து என் மடியில் போட்டாள். வேறு கம்பெனியின் ஏத்தங்காய்ப் பொடி. அதிலும் நான்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். எவனோ புண்ணியவான் எனக்கு ஜிமிக்கி மாட்டி, உதட்டுச் சாயமும் பூசியிருந்தான். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. பாவாடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், லிப்ஸ்டிக்கைப் பொறுக்க முடியாது. மறுநாள் லீவு போட்டேன்.

வக்கீல் சின்ன வயதுக்காரி, மலையாளி. எங்களுக்காகத் தமிழை இழுத்துப் பிடித்துப் பேசினார். பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் அவர் முகமே மலர்ந்தது.

“நல்ல சுந்தரிக்குட்டி! இப்போ எந்து செய்யுது? கல்யாணம் கழிஞ்சோ?”

“கழிஞ்சு. ரெண்டு பிள்ளை உண்டு” என்றாள் அக்கா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

“அப்போ அவரை ஒண்ணு கூட்டிக்கொண்டு வரணும், சேச்சி.”

“வந்திருக்கு. இதா இருக்கு.”

வக்கீல் என் மீசையைப் பார்த்தார். பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு சட்டென்று தண்ணீர் பாட்டிலைத் தேடினார். “சாரி சாரே, சாரி” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மொட்டைக் கதையை அக்கா ரசித்து ரசித்து விளக்கி முடிக்கும்வரை நான் சுவரிலிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

புதுப்பிப்பது லேசான காரியம்தானாம், பணத்தைக் கட்டினால் ஆயிற்று. சிக்கல் ஜிமிக்கிக்காரனால் வந்தது. எங்கள் கெடு முடிந்தது தெரிந்து அவன் அதே படத்துக்குத் தன் பெயரில் விண்ணப்பம் போட்டிருந்தான். ஏதோ பழைய காலண்டர் படம், யாருக்கும் சொந்தமில்லை என்று எழுதியும் கொடுத்திருந்தான். அவனுக்குக் கிடைத்துவிட்டால், பாப்பா படத்தோடு அக்கா ஒரு பாக்கெட்கூட விற்க முடியாது. நாங்கள் அவனை எதிர்த்து ஆட்சேபம் கொடுக்க வேண்டும். அதற்கு, படத்திலிருப்பது நான்தான் என்று நான் அபிடவிட் எழுதித் தர வேண்டும்.

“எந்த ஸ்டுடியோ? அன்னைக்கு ஆரெல்லாம் உண்டு?” என்று வக்கீல் என்னைக் கேட்டார்.

“அப்போ எனக்கு ஒரு வயசுகூடத் திகையல மேடம். நான் என்னத்தக் கண்டேன்?”

“கண்ட ஆள் ஒருத்தராவது வேணும். இல்லெங்கில் கேசு நிக்காது.”

அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றியது. “எதுக்கு இந்தப் பாடு? இதை விட்டுட்டு, அக்காவோட குழந்தைப் படத்தைப் புதுசாப் பதிவு பண்ணுவோம். வீட்டுல அசல் பொம்பளப் பிள்ளை அவதானே?”

அக்கா வக்கீலைப் பார்த்துத்தான் பேசினாள்.

“நான் உண்டு. எனக்கு அப்போ அஞ்சு வயசு. சாலைக் கடைத்தெருவுல, மாடியில ஒரு ஸ்டுடியோ. இவன் ஒரே அழுகை. கேமராவுக்குப் பின்னால ஒரு ஸ்டூல்ல என்னை ஏத்தி நிறுத்துனாங்க. நான் கிலுகிலுப்பையை ஆட்டி, குரங்கு மாதிரி மூஞ்சியைக் காட்டினேன். அப்பதான் சிரிச்சான். இந்தப் பாவாடை என்னோடது. என் இடுப்புல இருந்து அவுத்து, ரெண்டா மடிச்சு இவனுக்குக் கட்டுனாங்க. நான் வெறும் பெட்டிக்கோட்டோட நின்னேன்.”

வக்கீல் தட்டச்சு செய்துகொண்டே கேட்டார். “சேச்சிக்கு ஒண்ணும் எடுத்தில்லயா?”

“இல்ல. பொம்பளப் பிள்ளையைப் பொம்பளப் பிள்ளையாப் படம் எடுக்க யாருக்கு என்ன அவசரம்? பள்ளிக்கூடத்துல சேக்கும்போது எடுத்ததுதான் எனக்கு முதப் படம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரே என்னைக் கேலி செய்கிறது என்று நான் காலமெல்லாம் பொருமிக்கொண்டிருக்க, இவள் தினமும் என் முகத்தை அடுக்கி, ஒட்டி, கட்டி, கடைகடையாக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை.

“மேடம், இதை அக்கா பேருக்கு மாத்த என்ன செய்யணும்?”

“அதொக்கே மாத்தலாம் சாரே. முதல்ல உயிரோட இருக்கட்டும்.”

புதுப்பிக்கிற பணத்தை அங்கேயே கட்டினோம். பெயர் மாற்றத்துக்கான காகிதங்களையும் தயார் செய்யச் சொன்னேன். அதற்கும் எவ்வளவு ஆகும் என்று அக்கா கேட்டுக்கொண்டாள். மேற்படி படத்தில் காணும் பெண்குழந்தை நானே என்ற அபிடவிட்டில், மீசையோடு, முழுப்பெயரில் கையெழுத்திட்டேன்.

அடுத்தது அக்காவுடையது. வக்கீல் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார். கடைத்தெரு, மாடி, பாவாடை எல்லாம் சரியாக இருந்தன. அக்கா பேனாவைத் திறக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“இன்னொண்ணு எழுதணும். அவன் சிரிச்சது என்னைப் பாத்துன்னு.”

“அது கேசுக்கு வேண்டாம், சேச்சி.”

“இருக்கட்டும். எழுதுங்க.”

வக்கீல் எழுதினார்.