என் கைக்கு ஏற்ற சிலிண்டர்

அதெல்லாம் சும்மா பேச்சு. என் மாப்பிள்ளை பெண்டாட்டி செத்த பிறகும் மாமியார் வீட்டில் உட்கார்ந்து தின்றார், கடைசியில் கிழவியோடு ஒரு வெடிகுண்டையும் விட்டுவிட்டு நடையைக் கட்டினார் என்கிறாள் எதிர் வீட்டுக்காரி. அது வெடிகுண்டும் இல்லை, அவர் என்னை விட்டுவிட்டுப் போகவும் இல்லை. நான்தான் அனுப்பினேன்.

உட்கார்ந்து தின்றவராம். தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர்களில் வாயு நிரப்புவது என் மாப்பிள்ளைக்கு வேலை. ஆஸ்பத்திரி, அலுவலகம் என்று அலைந்து, காலியானதைத் தூக்கி வந்து, நிரப்பி, திரும்பக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டுவார். தெருவில் அவருக்குப் பேரே சிலிண்டர்தான்.

கூடத்து ஜன்னல் ஓரம் இருக்கிற கண்ணாடித் தொட்டி என் மகள் வைத்தது. உப்புத் தண்ணீரும் நீல விளக்கும், உள்ளே உயிரோடு பவளம். நகம் அளவுத் துண்டை வாங்கி ஒட்டினாள், இப்போது புதர் மாதிரி நிற்கிறது. அது வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அவள் தினமும் அளந்து ஊற்றுவாள். அவளுக்குப் பிறகு அவர் ஊற்றினார். ஒரு வேளை தவறினால் கிளை வாடிவிடும் என்று வெளியூர் தங்கவே மாட்டார். சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே காலையில் போய் மாலையில் திரும்பிய மனுஷன்.

அப்போதுதான் தூரத்துத் துறைமுகத்தில், கப்பல்களின் தீயணைப்புச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒன்று அவரைத் தேடி வந்தது. குடியிருக்க வீடும் உண்டு. "பார்க்கலாம் அத்தை" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். தொட்டியைப் பெயர்த்தால் பாதி செத்துவிடும். என்னையும் கூட வரச் சொன்னார், நான் இந்த வீட்டை விட்டு அசையமாட்டேன். அதில் பேச்சே இல்லை.

கையால் ஊற்றாமலே நடக்க ஒரு சாதனம் உண்டு என்று என் மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை வாங்குங்கள் என்று பிடித்துக்கொண்டேன். உயரமான குழாய், உள்ளே செத்த பவளத் துண்டுகள். தொட்டித் தண்ணீர் அதற்குள் மெல்லப் போகும்போது கரியமில வாயுவைக் குமிழ் குமிழாக விட்டால், தண்ணீர் புளித்துத் துண்டு கரையும், சுண்ணாம்பு தொட்டிக்கு வரும். சோடாவில் இருக்கிற வாயுதான். அவர் சிவப்பு சிலிண்டரில் நிரப்புவதும் அதுதான். இந்த வாயு சிலிண்டரைத்தான் எதிர் வீட்டுக்காரி வெடிகுண்டு என்கிறாள். தீயை அணைக்கிறது எப்படித் தீப்பிடிக்கும்?

சாதனத்தை வாங்கினார். துறைமுகத்துக்குப் போய் வேலையைப் பற்றிப் பேசிவரப் போகிற அவசரத்தில், கைக்குக் கிடைத்த அரைகுறை சிலிண்டரையும், வாயுவை அளவாக விடுகிற ஒரு ரெகுலேட்டரையும் மாட்டிவிட்டுக் கிளம்பினார். அவர் அங்கே இருக்கும்போது இங்கே சிலிண்டர் காலியாகத் தொடங்கியது. காலியானால் குமிழ் குறையும் என்றுதானே நினைப்போம். அந்த ரெகுலேட்டர் பிடி நழுவி, மிச்சத்தை மொத்தமாகத் தள்ளிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. போனில் அவர் சொல்லச் சொல்ல சிலிண்டர் வால்வை மூடினேன்.

திரும்பி வந்து பார்த்தால் பாதிக் கிளை வெளுத்துக் கிடக்கிறது. கைகூடக் கழுவவில்லை, "வேலை வேண்டாம்னு சொல்லிடறேன் அத்தை" என்றார்.

"வெளுத்தது பவளம் மாப்பிள்ளை, என் மக இல்லை. அவ போயாச்சு. இதுக்குக் காவல் இருக்க நான் போதும். எனக்கு ஏத்த மாதிரி சாமான் வாங்குங்க."

"உங்களுக்கு எண் படிக்கத் தெரியாதே அத்தை."

"குமிழ் வருதா இல்லையான்னு பார்க்கப் படிப்பு எதுக்கு?"

வாயுக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். பெரிய சிலிண்டர் பல மாதம் வரும், ஆனால் என்னால் நகர்த்த முடியாது. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். பெண் பார்க்க வந்தமாதிரி இருக்கே என்று கடைக்காரர் சிரித்தார். உங்கள் சிவப்பு சிலிண்டரில் ஒன்றையே மாட்டலாமே என்றும் கேட்டார். முடியாது என்றார் மாப்பிள்ளை. அதற்குள் அடிவரை ஒரு குழாய் இறங்கியிருக்குமாம், வாயுவுக்குப் பதில் திரவத்தைத் தள்ளி ரெகுலேட்டரைக் கெடுத்துவிடுமாம். கடைசியில் என் இடுப்புக்குத் தாங்குகிற சின்ன சிலிண்டர் இரண்டு எடுத்தோம். சிலிண்டர் தீரும்போதும் பிடி நழுவாமல், அழுத்தத்தை இரண்டு தடவையாகக் குறைக்கிற ரெகுலேட்டர் ஒன்று. தண்ணீர் அளவுக்கு மேல் புளித்தால் தானே வாயுவை நிறுத்துகிற பெட்டி ஒன்று.

மாட்டியதும் உடனே கிளம்பிவிடவில்லை அவர். முதல் சிலிண்டர் காலியாகும்வரை காத்திருந்தார். அது தீருகிற அன்று இரண்டு பேரும் தொட்டி முன்னால் உட்கார்ந்தோம். குமிழ் பொங்கவில்லை. தயங்கித் தயங்கி நின்றுபோனது. அடுத்த சிலிண்டரை நான் மாட்டினேன், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தேன், சங்கிலியால் சுவரோடு கட்டினேன். "ரெகுலேட்டர்ல இருக்கிற அளவு முள்ளை நம்பாதீங்க அத்தை, கடைசிவரைக்கும் அசையாம நிக்கும். கனம் குறைஞ்சிருக்கான்னு தூக்கிப் பாருங்க" என்றார். வாயு கசிந்து அறையில் தேங்கினால் மூச்சு முட்டும், ஜன்னலை மட்டும் சாத்தவே கூடாது என்றார்.

அவர் போன அன்று நான் வாசலுக்கு வரவில்லை, அதுதான் தெருவுக்குப் பெரிய குறை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றவர் நகரவே இல்லை. பஸ் உங்களுக்காக நிற்காது என்றேன். "குமிழ்?" என்றார். "வருது, நீங்க போங்க" என்றேன். படி இறங்கும் சத்தம் கேட்டது. குமிழையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் போய் நின்றிருந்தால் அவர் திரும்பிப் பார்த்திருப்பார்.