மாறிப்போன சிவப்புக் கிளிப்

அப்பாவின் ஃபைபர் படகில் வழி காட்டும் ஜி.பி.எஸ். பெட்டிக்குப் பேட்டரி இணைப்பது என் வேலை. தம்பிக்குக் கொடுக்கக் கூடாது என்று அழுது வாங்கிய வேலை அது. வீட்டில் சார்ஜ் ஏற்றிய பேட்டரியை அப்பா சாயங்காலம் புதுப்பட்டினம் கரைக்குத் தூக்கி வருவார். சிவப்புக் கிளிப் கூட்டல் குறிக்கு, கறுப்பு கழித்தல் குறிக்கு. அவ்வளவுதான்.

அன்று அப்பா பேட்டரியை வைத்துவிட்டு வலை பார்க்கப் போய்விட்டார். விளையாட ஓடும் அவசரத்தில் நான் மாற்றி மாட்டிவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் பெட்டிக்குள் 'டிக்' என்றது. கருகல் வாடை வந்தது. சுவிட்சை அணைத்தேன்; கிளிப்புகளைத் தொடப் பயந்து அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சொல்லவில்லை.

விடியலில் அப்பாவும் பெரியப்பாவும் கடலுக்குப் போனார்கள். பின்னாலேயே மூடுபனி இறங்கியது. ஒன்பது மணிக்கெல்லாம் மற்ற படகுகள் வந்துவிட்டன. எங்களுடையது வரவில்லை. அம்மா கரையிலேயே நின்றாள். நான் பள்ளிக்கூடம் போகாமல் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

மூன்று மணிக்குத் தெற்கிலிருந்து கரையை ஒட்டியபடி படகு வந்தது. பனியில் திசை தெரியாமல் செய்யூர்ப் பக்கம் போய்விட்டார்களாம். பனி விலகிச் சவுக்குத் தோப்பு கண்ணில் பட்ட பிறகுதான் இடம் புரிந்ததாம். எண்ணெய் அடிமட்டத்தில் கிடந்தது. எல்லாரும் அவர்களைச் சூழ்ந்துகொள்ள, நான் படகில் ஏறிப் பேட்டரியைப் பார்த்தேன். கிளிப்புகள் சரியாக இருந்தன. சாமிதான் மாற்றி வைத்திருக்கிறது என்று நம்பினேன்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, கடைத்தெருவில் செல்போன் பழுது பார்ப்பவள். அப்பா பெட்டியை அவளிடம் கொண்டுபோனபோது நானும் கூடவே போனேன். திறந்து பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"பேட்டரிய யாரு மாமா மாத்தி மாட்டுனது? உள்ள கருகிப் போய் கீது."

"நான்தாம்மா. அவசரத்துல கவனிக்கல," என்றார் அப்பா.

இனி யார் மாற்றிக் கொடுத்தாலும் எரியாமலிருக்க வழியுண்டா என்று அவரே கேட்டார். கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் டயோடு ஒன்று போட்டாலே போதும், ஆனால் அது வோல்ட்டேஜில் கொஞ்சம் தின்றுவிடும், இந்தக் கிழட்டு பேட்டரி தாங்காது என்றாள் சித்தி. கருகியதை மாற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து கரண்ட் வரும் வழியில் அவ்வளவு தின்னாத, மூன்று கால் வைத்த டிரான்சிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தாள். பிறகு வேண்டுமென்றே தலைகீழாகக் கொடுத்துக் காட்டினாள். பெட்டி சும்மா கிடந்தது. நேராகக் கொடுத்ததும் திரை ஒளிர்ந்தது.

"மாத்திக் குடுத்தா இது வழியே வுடாது மாமா. இனிமே பயமில்ல."

மறுநாள் சாயங்காலம் அப்பா கிளிப்புகளை என் கையில் கொடுத்து, "மாட்டும்மா," என்றார். நான் மாட்டி முடிக்கும்வரை கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தப்பித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே நிம்மதி. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

நடுக்கடலில், பனிக்குள், அந்தச் சிவப்புக் கிளிப் இருந்த இடத்தைப் பார்த்து, கழற்றிச் சரியாக மாட்டியவர் அப்பாவாகத்தான் இருக்க முடியும் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.