ஆண்டிச்சாமியின் லைன்

சொர்ணவல்லி காலையில் ஒரு டம்ளர் காபி குடிப்பாள். அதன் பிறகு மதியம் வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அறந்தாங்கியில் இருந்த அந்தப் பார்சல் கம்பெனிக் கிளையில் வண்டி ஓட்டிய ஏழு பேரில் அவள் ஒருத்திதான் பெண். ஆண்கள் ஒதுங்கத் தகரக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தது. அவளுக்கு எதுவும் இல்லை.

மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கம் அவளுடைய லைன். கோட்டைப்பட்டினத்தில் ஜன்னத் பீவி என்ற அம்மாள், ஒருநாள் துணிப் பார்சல் வாங்கும்போது இவள் நின்ற விதத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் கொல்லைப்புறக் கழிவறையைக் காட்டினார். அதற்குப் பிறகு பார்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பன்னிரண்டரை மணிக்கு அவளுடைய ஸ்கூட்டி அந்த வாசலில் நிற்கும்.

கணவன் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மகள் இளமதி புதுக்கோட்டையில் நர்சிங் படித்தாள். சொர்ணவல்லிக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. ஆள் கையில் சேர்த்த பார்சல் ஒன்றுக்குப் பதினான்கு ரூபாய். பெட்ரோல் அவள் பாடு. வீடு பூட்டியிருந்தால் போய் வந்தது வீண். இவர்களை ஊழியர்கள் என்று கம்பெனி எங்கும் எழுதவில்லை, பார்ட்னர் என்றது. சேர்ந்த புதிதில் அந்த வார்த்தை அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஏழு பேர் ஐந்தாகி, ஐந்து நான்கானது. போனவர்கள் இடத்துக்கு யாரும் வரவில்லை. கிளைப் பொறுப்பாளர் ஜெரால்டுக்கு முப்பது வயது இருக்கும். கேட்டால், திருச்சி ஆபீசில் சொல்லியிருக்கிறேன் என்பான்.

நால்வரில் மூத்தவர் ஆண்டிச்சாமி. ஆவுடையார்கோவிலைச் சுற்றிய கிராமங்கள் அவர் லைன். ஒருமுறை சொர்ணவல்லியின் வண்டி மீமிசலில் நின்றுபோனபோது, தன் வேலையை முடித்துவிட்டு வந்து, மிச்சமிருந்த இருபது பார்சலையும் அவள் பெயரிலேயே கொடுத்து முடித்தவர்.

தீபாவளிக்கு முந்தின வாரம், அடைமழையில், பின்னால் இரண்டு மிக்சியும் முதுகில் ஒரு மூட்டையுமாகப் போனவர் பாலத்தருகே சறுக்கி விழுந்தார். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மனைவி போன் செய்தபோது ஜெரால்டு முதலில் கேட்டது, பார்சல் எல்லாம் நனைந்துவிட்டதா என்றுதான். பார்ட்னருக்கு விபத்துக் காப்பீடு உண்டு, ஆனால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அவரே செல்போனில் கம்பெனி ஆப்பில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று பிறகு தகவல் வந்தது. அந்த இருபத்துநாலு மணி நேரத்தில் பாதியை அவர் மயக்க மருந்தில் கழித்திருந்தார்.

மிச்சமிருந்த மூவரும் கூடிப் பேசினார்கள். கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவை ஏற்க வேண்டும், ஒரு ஆளையும் போட வேண்டும். அதுவரை ஆண்டிச்சாமியின் லைனை யாரும் தொடுவதில்லை என்று முடிவானது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மனுவை எழுதியது சொர்ணவல்லி. இரண்டு நாளில் ஆவுடையார்கோவில் மூட்டைகள் கூரையைத் தொட்டன. திருச்சியிலிருந்து ஜெரால்டுக்கு மணிக்கொரு போன் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் அவன் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"சொர்ணக்கா, புதுக்கோட்டை ஆபீஸ்ல சூப்பர்வைசர் போஸ்ட் ஒண்ணு காலியா இருக்கு. மாசச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு. லேடீஸ் பாத்ரூம் தனியா இருக்கு. ஒங்க பேரத்தான் சொல்லப்போறேன். இந்த ஒரு வாரம் மட்டும் அந்த லைனையும் பாத்துக் குடுங்க."

அதற்கு முந்தின வாரம்தான் அவளுக்குச் சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சல் கண்டிருந்தது. தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். சம்பளமும் பி.எஃப்.பும் அவள் காதில் சரியாக விழவே இல்லை என்று பின்னாளில் மகளிடம் சொன்னாள். பத்து நிமிடத்தில் ஆவுடையார்கோவில் மூட்டையை ஸ்கூட்டியில் கட்டினாள். மற்ற இருவரும் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒருவன் தரையில் துப்பினான். பிறகு, இனி என்ன இருக்கிறது என்று அவர்களும் தங்கள் மூட்டைகளை எடுத்தார்கள்.

ஒரு வாரம் ஒரு மாதமானது. சூப்பர்வைசர் வேலை திருச்சியிலிருந்து வந்த ஒருவனுக்குப் போயிற்று. ஜெரால்டு உண்மையாகவே அவள் பெயரைச் சொன்னானா என்பது தெரியவில்லை. தை பிறப்பதற்குள் அவனையும் நிறுத்திவிட்டார்கள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆண்டிச்சாமியைப் பார்க்கப் போனாள். அவர் மனைவி காபியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். லைனை எடுத்ததற்கு மகள் படிப்பைக் காரணமாகச் சொன்னாள் சொர்ணவல்லி. கழிவறையைப் பற்றி ஒரு ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது?

ஆண்டிச்சாமி காலில் பொருத்தியிருந்த கம்பிகளைப் பார்த்தபடி பேசினார். "நீ எடுக்கலைன்னா அவங்க வேற யாரையாச்சும் எடுக்க வச்சிருப்பாங்க. அது எனக்குத் தெரியும் தங்கச்சி. ஆனா அந்த மனுவ எழுதுனவளே நீதான?"

மாசியில் அவர் ஊன்றுகோலோடு கிளைக்கு வந்தார். மூன்று மாதம் பார்சல் எடுக்காததால் அவருடைய ஐடி ரத்தாகியிருந்தது. புதிய பொறுப்பாளர் ரத்தினவேல் மரியாதையாகவே பேசினார். லைன் எதுவும் காலியில்லை என்றார். உள்ளே மூட்டை பிரித்துக்கொண்டிருந்த சொர்ணவல்லி வெளியே வந்தாள்.

"சார், ஆவுடையார்கோவில் லைன் அண்ணனோடதுதான். அவருக்கே குடுத்துருங்க. ரெண்டு லைன் எனக்கு முடியல."

ரத்தினவேல் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். நாலு மாதமாக இரண்டு லைனிலும் ஒரு பார்சல்கூடத் தங்கவில்லை.

"நீங்க ஒருத்தரே முடிச்சிடுறீங்களேம்மா. அப்புறம் இன்னொரு ஆளு கேட்டா திருச்சியில நான் என்னன்னு சொல்றது?"

ஆண்டிச்சாமி ரத்தினவேலிடம் மட்டும் வாரேன் சார் என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மெல்ல நடந்தார்.